பெர்லினில் தம்பியின் பை திருட்டு: பாஸ்போர்ட், போன், கார்டு, சாவி எல்லாம் போச்சு. சென்னையிலிருந்து என்ன செய்யலாம்?

நங்கநல்லூர்க்காரி (கேள்வி)

வணக்கம். தம்பி பெர்லினில் முதுகலை படிக்கிறான், இரண்டாவது செமஸ்டர். நேற்று இரவு ரயிலில் திரும்பும்போது இருக்கைக்கு மேலே வைத்திருந்த பை காணாமல் போய்விட்டது. இறங்கப் போகும்போதுதான் பார்த்திருக்கிறான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பையில் இருந்தவை: பாஸ்போர்ட், ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு, லேப்டாப், சார்ஜில் போட்டிருந்த போன் (சென்னை நம்பர் சிம்மாக இருக்கிறது, ஜெர்மன் நம்பர் ஈசிம்), பர்ஸ். பர்ஸில் இங்கத்திய வங்கி டெபிட் கார்டு, அங்கத்திய கார்டு, ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு. விடுதி அறைச் சாவியும் அதே பையில்தான். இப்போது நண்பன் அறையில் தங்கி, அவன் போனிலிருந்து பேசுகிறான். பாஸ்போர்ட்டின் ஸ்கேன் அப்பாவின் மெயிலில் இருக்கிறது. ரெசிடென்ஸ் கார்டின் போட்டோ வாட்ஸப்பில் கிடைத்தது.

எதை முதலில் செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடுகிறோம். இங்கே சென்னையில் போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா? யூபிஐ, நெட்பேங்கிங் எல்லாம் சென்னை நம்பரில் இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது? தூதரகத்தில் தற்காலிகப் பேப்பர் வாங்கிக்கொண்டு உடனே ஊருக்கு வந்துவிடட்டும் என்று அம்மா அழுகிறார். அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு72

பாஸ்போர்ட் நாளைக்கு. முதல் ஒரு மணி நேரம் பணம் வெளியே போகாம இருக்கத்தான். வரிசை முக்கியம், அதனால காரணத்தோட சொல்றேன்.

முதல்ல சென்னை சிம். போன் லாக்ல இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்கு வரும். சிம்முக்குத் தனியா பின் போட்டிருந்தாத்தான் அது நடக்காது, அதை நிறைய பேர் போடறதில்லை. சிம் யார் பேர்ல இருக்குன்னு இப்பவே பாருங்க. அப்பா பேர்லயோ அம்மா பேர்லயோ இருந்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரி. அவங்க ஆதாரை எடுத்துக்கிட்டு அந்த நிறுவனத்தோட சொந்த ஷோரூமுக்குப் போனா, பழைய சிம்மை முடக்கி டூப்ளிகேட் சிம் அங்கேயே கொடுத்துடுவாங்க. ரீசார்ஜ் கடைக்குப் போகாதீங்க, இந்த வேலை அங்க இழுக்கும். தம்பி பேர்ல இருந்தா, முடக்கறது மட்டும் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி முடிச்சுடலாம். டூப்ளிகேட்டுக்கு அவனோட கேஒய்சி கேப்பாங்க. அங்கீகாரக் கடிதம் ஒத்துக்குவாங்களாங்கறது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஷோரூம்ல நேரா கேளுங்க.

டூப்ளிகேட் சிம் போட்ட பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. அது கோளாறு இல்லை. சிம் மாத்தி ஏமாத்தறவங்களைத் தடுக்க அரசே வச்ச கட்டுப்பாடு. ஓடிபி வரலைன்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி நெட்பேங்கிங்கை லாக் பண்ணிக்காதீங்க.

ரெண்டாவது வங்கி. சிம்மை முடக்கினதோட விட்டுடக் கூடாது. டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு ஆன்ல இருந்தா, வெளிநாட்டு இணையதளங்கள் பலதும் ஓடிபி கேக்காமலே பணத்தை எடுத்துடும். கார்டு நம்பரும் சிவிவியும் கார்டு மேலேயே அச்சடிச்சிருக்கே. அதனால தம்பி நண்பன் போன்ல இருந்து வங்கியைக் கூப்பிட்டு மூணையும் தனித்தனியா சொல்லணும்: டெபிட் கார்டு ஹாட்லிஸ்ட் (கார்டை முடக்கறது), யூபிஐ முடக்கம், நெட்பேங்கிங் மற்றும் மொபைல் ஆப் முடக்கம். கார்டை பிளாக் பண்ணா யூபிஐயும் நிக்கும்னு பலர் நினைக்கறாங்க, நிக்காது. அது வேற கதவு. கணக்கு எண், பிறந்த தேதி, கார்டோட கடைசி நாலு எண், பதிவு செஞ்ச மெயில் ஐடி எல்லாத்தையும் நீங்க எடுத்து அவனுக்கு அனுப்பி வையுங்க. ஹெல்ப்லைன்ல இழுத்தடிச்சா, கணக்கு இருக்கற கிளைக்கு அப்பா போய் மேனேஜரைப் பாக்கட்டும், அதே நேரத்துல தம்பி பதிவு செஞ்ச மெயில்ல இருந்து கணக்குக்கு டெபிட் ஃப்ரீஸ் (பணம் வெளியே போகாம நிறுத்தறது) கேட்டு எழுதட்டும்.

போன்ல சொன்னதுக்குப் புகார் எண் வாங்குங்க, உடனே அதே விஷயத்தை மெயில்லயும் போடுங்க. நேரம் பதிவாகறதுக்குத்தான். ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியோட தப்பும் இல்லாம உங்க தப்பும் இல்லாம பணம் போயிருந்தா, வங்கி தகவல் அனுப்பினதுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாளுக்குள்ள சொன்னா வரம்போட நஷ்டம். அதுக்கு மேல வங்கியோட கொள்கை என்னவோ அதுதான். பின் நம்பரைப் பர்ஸ்லயே எழுதி வச்சிருந்தா அது உங்க கவனக்குறைவுன்னு சொல்லுவாங்க, ஆனா அப்பவும் நீங்க தெரிவிச்ச நிமிஷத்துக்கு அப்புறம் போற பணம் வங்கியோட பொறுப்பு. தெரிவிச்ச 10 வேலை நாளுக்குள்ள அந்தத் தொகையை தற்காலிகமா வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். பணம் ஏற்கெனவே போயிருந்தா சென்னையில இருந்து 1930-க்கு (சைபர் கிரைம் உதவி எண்) கூப்பிடுங்க, சைபர் கிரைம் தளத்துலயும் பதிவு பண்ணுங்க.

மூணாவது போன், லேப்டாப். ஐபோன்னா ஐகிளவுட் தளத்துல லாஸ்ட் மோட், ஆண்ட்ராய்டுன்னா கூகுளோட சாதனம் தேடும் பக்கத்துல லாக். ஐபோனை அழிச்சாலும் பரவாயில்லை, ஆனா கணக்குல இருந்து "ரிமூவ்" மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணினா ஆக்டிவேஷன் லாக் (அவன் ஐடி, பாஸ்வேர்ட் இல்லாம வேற யாரும் போனைப் பயன்படுத்த முடியாத பூட்டு) போயிடும், திருடினவன் அதை விக்க முடியும். கூகுள்ல நுழைய முடியலைன்னா வீட்ல அவன் விட்டுட்டுப் போன பழைய போன், டேப்ல அவன் கணக்கு திறந்திருக்கான்னு பாருங்க. இருந்தா "நீங்கதானா" கேள்வி அங்க வரும், நீங்க ஆமான்னு தட்டலாம். தட்டறதுக்கு முன்னாடி அவன்கிட்ட பேசிக்கிட்டே செய்யுங்க. 8 இலக்க பேக்கப் கோடுகள் எடுத்து வச்சிருந்தா இன்னும் சுலபம்.

வாட்ஸப்புக்கு: சிம் வர்ற வரைக்கும், "தொலைந்தது, கணக்கை முடக்கவும்"னு ஆங்கிலத்துல எழுதி, நம்பரை +91 சேர்த்துப் போட்டு அவங்க உதவி மெயிலுக்கு அனுப்பலாம். 30 நாளுக்குள்ள திரும்பத் திறக்கலைன்னா கணக்கு அழிஞ்சுடும், அதை நினைவுல வையுங்க.

சஞ்சார் சாத்திங்கற அரசுத் தளத்துல ஐஎம்இஐயை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) முடக்கறது பத்தி யாராவது சொல்லுவாங்க. அது இந்திய நெட்வொர்க்ல மட்டும்தான் வேலை செய்யும். அந்தப் போன் ஜெர்மனியில இருக்கு, இன்னிக்கு அதுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொண்ணு. புது சிம்மை இங்க ஒரு போன்ல போட்டு ஓடிபியைப் படிச்சுச் சொல்றது நெட்பேங்கிங்குக்குச் சரிப்படும். ஆனா யூபிஐ, வங்கி ஆப் ரெண்டும் அந்த சிம் இருக்கற போன்ல இருந்தே எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும். அதனால சிம் அவன் கைக்குப் போற வரைக்கும் அங்க ஆப் திறக்காது. வெளிநாட்டு நம்பர்லயே யூபிஐ கொடுக்கறாங்களேன்னு கேப்பீங்க. 2023-ல 10 நாட்டோட தொடங்கின அந்தப் பட்டியல்ல ஜெர்மனி இல்லை.

தாம்பரம் தணிகை

மேலே சொன்னது இந்தியப் பக்கம். ஜெர்மனிப் பக்கம் நான் எழுதுகிறேன்.

சென்னையில் புகார் கொடுக்கத் தேவையில்லை. திருட்டு நடந்தது அங்கே. தூதரகம், வெளிநாட்டவர் அலுவலகம், காப்பீடு என்று எவர் கேட்டாலும் ஜெர்மன் போலீஸின் புகார்ச் சான்றைத்தான் கேட்பார்கள். ரயில், ரயில் நிலையம் என்றால் பூண்டஸ்போலிட்ஸாய் எனப்படும் மத்தியக் காவல்துறை பார்க்கும். பெரிய நிலையங்களில் அவர்கள் அலுவலகம் இருக்கும். இணையத்திலும் புகார் பதியலாம், ஆனால் இவ்வளவு ஆவணங்கள் போயிருக்கும்போது நேரில் போவது நல்லது. ஆங்கிலத்தில் சொல்லலாம், கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் எண், ரெசிடென்ஸ் கார்டு எண், போன் ஐஎம்இஐ, லேப்டாப் சீரியல் எண், இரண்டு வங்கிக் கார்டுகள், சாவி எல்லாம் அந்தச் சான்றில் பெயர் சொல்லி வர வேண்டும். "ஒரு பை, உள்ளே ஆவணங்கள்" என்று மட்டும் எழுதினால் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் தகராறு. ஐஎம்இஐ போன் பெட்டியிலும் வாங்கிய பில்லிலும் இருக்கும். பெட்டி நங்கநல்லூர் வீட்டு அலமாரியில் இருக்கிறதா பாருங்கள்.

ஜெர்மன் கார்டை முடக்க 116 116. நாடு முழுவதற்கும் ஒரே எண், இரவும் பகலும் வேலை செய்யும். பெரும்பாலான வங்கிகள் அதில் இருக்கின்றன. கிளையே இல்லாத சில செயலி வங்கிகள் இல்லை, அவற்றை அந்தந்த ஆப்பிலோ உதவி எண்ணிலோ முடக்க வேண்டும். ரெசிடென்ஸ் கார்டில் ஆன்லைன் அடையாள வசதி இயக்கியிருந்தால் அதையும் இதே எண்ணில் நிறுத்தலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஜெர்மன் ஜிரோகார்டை (அங்கத்திய வங்கி டெபிட் கார்டு) இப்படி முடக்கினால் பின் போட்டு எடுப்பது நிற்கும். கடையில் வெறும் கையெழுத்துப் போட்டு வாங்குவது நிற்காது. அதற்கு கூனோ என்று தனி ஏற்பாடு, போலீஸ்தான் அதில் ஏற்ற முடியும். புகார் கொடுக்கும்போதே "கூனோவிலும் போடுங்கள்" என்று கேட்டு அதன் உறுதிச் சீட்டை வாங்க வேண்டும். பிறகு வங்கியிடம் கார்டின் வரிசை எண்ணைக் கேட்டு 10 நாளுக்குள் கூனோ தளத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தடை தானாக நீங்கிவிடும். முடக்குவதற்கு முன் போன பணத்தில், பெரிய கவனக்குறைவு இல்லை என்றால், ஜெர்மன் சட்டப்படி அதிகபட்சம் 50 யூரோதான் வாடிக்கையாளர் தலையில் விழும்.

பை மொத்தமாகத் திரும்பி வருவது அரிது. ஆனால் ஆவணம் தனியாக வருவது உண்டு, ஏனென்றால் பணத்தையும் மின்சாதனத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுவார்கள். ஆகவே ரயில் நிறுவனத்தின் தொலைந்த பொருள் சேவையிலும் நகரின் மத்திய ஃபுண்ட்பியூரோவிலும் (தொலைந்த பொருள் அலுவலகம்) பதிந்து வைக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: போலீஸ் அந்தப் பாஸ்போர்ட்டைத் திருடப்பட்டதாக ஐரோப்பிய நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஷெங்கன் தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகு, இந்தியத் தரப்பும் அதை ரத்து செய்துவிடும். பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. எல்லையில் பிடித்து நிறுத்துவார்கள். தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான்.

அடுத்து பாஸ்போர்ட். பாஸ்போர்ட் சேவாவில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பிரிவில் "ரீஇஷ்யூ, தொலைந்தது" என்று விண்ணப்பம். கூடவே போலீஸ் சான்று, எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழி (இணைப்பு எஃப்), பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க நகல், ஜெர்மன் முகவரிப் பதிவுச் சான்று, மாணவர் சான்று. உங்கள் அப்பாவின் மெயிலில் இருக்கும் ஸ்கேன் இப்போது தங்கம். பெர்லின் என்றால் தூதரகம். ஹம்பர்க், பிராங்க்ஃபர்ட், மியூனிக் துணைத் தூதரகங்கள் மற்ற மாநிலங்களைப் பார்க்கின்றன. எது என்பதை அவன் முகவரி பதிந்திருக்கும் மாநிலம் முடிவு செய்யும்.

தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் இந்திய முகவரியில் போலீஸ் சரிபார்ப்பு வரும். சென்னையில் உங்களுக்கு இருக்கும் பெரிய வேலை இதுதான். பாஸ்போர்ட்டில் இருந்த பழைய வீட்டைக் காலி செய்திருந்தால், விண்ணப்பத்தில் இப்போதைய முகவரியைப் போடச் சொல்லுங்கள். பழைய முகவரியில் போய் "அப்படி யாரும் இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும்போது ஆதார், குடும்ப அட்டை, தம்பியின் கல்லூரிச் சான்று நகல் எடுத்து வைத்திருங்கள்.

மூன்றாவதுதான் ரெசிடென்ஸ் கார்டு. பெர்லினில் எல்இஏ என்ற குடிவரவு அலுவலகம். தொலைந்ததை இன்றே மெயிலில் தெரிவித்து, போலீஸ் சான்றை இணைத்து, இடைக்காலச் சான்று கேட்கட்டும். புதிய கார்டு அச்சடிக்கப் பெரும்பாலும் புதிய பாஸ்போர்ட் கேட்பார்கள், ஆகவே இந்த வரிசையை மாற்ற முடியாது. இதில் அவன் பயப்படக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தொலைந்தது கார்டு மட்டும்தான். அங்கே தங்கும் உரிமையும், படிக்கும் உரிமையும், ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யும் உரிமையும் அப்படியே இருக்கின்றன. பகுதி நேர வேலை செய்கிறான் என்றால், முதலாளியிடம் கார்டின் போட்டோவையும் போலீஸ் சான்றையும் கொடுத்து வைக்கட்டும்.

புகைப்படத்தில் மாட்டிக்கொள்வார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்திய விதிப்படி எடுத்த படம். ஜெர்மன் கார்டுக்கு 2025 மே முதல் அச்சிட்ட படத்தை ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற கடையில் எடுத்து க்யூஆர் கோடாக வாங்க வேண்டும், அல்லது அலுவலகத்தில் இருக்கும் இயந்திரத்தில் எடுக்கலாம். இரண்டும் வேறு வேறு.

ஹெல்த் கார்டுக்குக் கவலை வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் மாற்றுச் சான்று மெயிலில் அனுப்பும், அதைக் காட்டி மருத்துவரைப் பார்க்கலாம்.

நங்கநல்லூர்க்காரி

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சிம் அப்பா பெயரில்தான் இருக்கிறது. நாளைக் காலை ஷோரூம் திறக்கும்போதே போகிறோம். வங்கிக் கணக்கில் மூன்றையும் முடக்கியாகிவிட்டது, பணம் போகவில்லை. தம்பி புகார் கொடுத்துச் சான்று வாங்கிவிட்டான், கூனோவும் கேட்டு வாங்கினான்.

இன்னும் மூன்று கேள்வி. அம்மா சொல்கிற தற்காலிகப் பேப்பர் என்ன ஆகும்? கைச்செலவுக்கு எப்படி அனுப்புவது? நண்பனின் அப்பா ஆதம்பாக்கத்தில் இருக்கிறார், அவரிடம் நாங்கள் ரூபாயைக் கொடுத்துவிட்டால் அங்கே நண்பன் யூரோ கொடுப்பதாகச் சொல்கிறான். சாவி விஷயத்தில் விடுதியில் பெரிய தொகை கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

பெரம்பூர் பக்கம்

அம்மாவிடம் பொறுமையாக இதைச் சொல்லுங்கள். அந்தத் தற்காலிகப் பேப்பருக்கு எமர்ஜென்சி சர்டிஃபிகேட் என்று பெயர். இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணம், அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் இறங்கியதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு சென்னையில் புதிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அது வந்தாலும் கையில் ரெசிடென்ஸ் கார்டு இல்லாததால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போட் கிளப் சாலையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகம் வழியாக மறுநுழைவு விசா எடுக்க வேண்டும், அவர்கள் பெர்லின் அலுவலகத்திடம் விசாரிப்பார்கள். இதற்குள் தேர்வு போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால், முன் அனுமதி இல்லாத பட்சத்தில் தங்கும் உரிமையே காலாவதியாகும். இன்று கார்டு மட்டும் போயிருக்கிறது. இந்தப் பயணத்தால் உரிமையும் போகும் நிலை வரக்கூடும். வீட்டில் உயிர் பிரச்சினை போன்ற அவசரம் இருந்தால் மட்டுமே அந்தப் பேப்பர். புதிய கார்டு கைக்கு வரும் வரை பக்கத்து நாட்டுக்குக்கூட போக வேண்டாம், ரயிலிலும் சோதனை உண்டு.

அம்மாவுக்கு மகனைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான தேவை என்றால், அவர் ஷெங்கன் விசா எடுத்துப் போகலாம். அது நடக்கக்கூடிய காரியம்.

பணத்துக்கு வருகிறேன். ஆதம்பாக்கத்தில் ரூபாய், பெர்லினில் யூரோ என்ற ஏற்பாட்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், சின்னத் தொகைதான் என்று தோன்றும். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக இங்கே இன்னொருவருக்குக் கொடுப்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் (பெமா 1999) பிரிவு 3-க்கு எதிரானது. நேரான வழியே சுலபம். நண்பன் இரண்டு வாரச் செலவுக்குக் கைமாற்றாகக் கொடுக்கட்டும். அப்பா தன் வங்கியிலிருந்து தம்பியின் ஜெர்மன் கணக்குக்கு எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியில் அனுப்பட்டும். பான், ஏ2 படிவம் (வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கியில் தருவது), கல்விக்கான நோக்கக் குறியீடு எஸ்0305. நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை இடம் இருக்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் கிடையாது. பொதுவாக ஒன்று முதல் மூன்று வேலை நாளில் போய்ச் சேரும். கார்டு போனாலும் கணக்கு எண் உயிரோடுதான் இருக்கிறது, பணம் விழும். தம்பி அதிலிருந்து நண்பனுக்குத் திருப்பிவிடுவான். விசாவுக்காக முன்பணம் போட்டு வைத்த பிளாக்ட் அக்கவுண்ட்டிலிருந்து மாதாமாதம் வருவதும் (2024 செப்டம்பரிலிருந்து 992 யூரோ என்ற கணக்கு) அதே போல வந்துகொண்டிருக்கும்.

சிக்கல் வருவது எடுப்பதில். புதிய கார்டு ஒரு தபாலிலும் பின் இன்னொரு தபாலிலும் வரும். ஆப்பைப் புதுப் போனில் இயக்க மூன்றாவது தபால். தபால் பெட்டிச் சாவியும் திருடு போன கொத்தில் இருந்தால், அந்தத் தபால்களை எடுக்க அவனால் முடியாது, திருடனால் முடியும்! அதனால் முகவரி எழுதிய ஏதாவது பையில் இருந்ததா என்று கேளுங்கள். ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கம் முகவரி இருக்கும். ஆகவே சாவியும் முகவரியும் ஒன்றாகப் போயிருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இன்றே விடுதி நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அறைப் பூட்டையும் தபால் பெட்டிப் பூட்டையும் மாற்றச் சொல்ல வேண்டும். வங்கியிடம் தபால்களை ஒரு வாரம் நிறுத்தியோ நண்பனின் முகவரிக்கோ அனுப்ப முடியுமா என்று கேட்கலாம்.

தொகை பற்றி. பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை. ஒரே சாவியில் வெளிக்கதவு, அறை, நிலவறை எல்லாம் திறக்கும் மையப் பூட்டு முறை பல கட்டடங்களில் இருக்கிறது. அதை மொத்தமாக மாற்றினால் ஆயிரக்கணக்கான யூரோ ஆகலாம். ஆனால் இரண்டு பாதுகாப்பு இருக்கிறது. தொலைத்தவர் பக்கம் தவறு இருந்தால்தான் அவர் கொடுக்க வேண்டும். திருட்டுக்குப் போலீஸ் சான்று கையில் இருக்கிறது. தவறு இருந்தாலும், பூட்டுகளை உண்மையிலேயே மாற்றிய பிறகுதான் செலவைக் கேட்க முடியும், மதிப்பீட்டுத் தாளைக் காட்டிக் கேட்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. அவனிடம் தனிநபர் பொறுப்புக் காப்பீடு (ஹாஃப்ட்ஃப்ளிக்ட்) இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் சாவி தொலைவதற்கு இடம் உண்டு. யார் கேட்டாலும் "நான் பணம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் அவர்கள் கை விரிப்பார்கள்.

லேப்டாப்புக்கு வீட்டுப் பொருள் காப்பீட்டை நம்ப வேண்டாம். வீட்டை உடைத்துத் திருடினால், ஆளை மிரட்டிப் பறித்தால் கொடுப்பார்கள். ரயிலில் சத்தமில்லாமல் எடுத்துப் போன சாதாரணத் திருட்டு பொதுவாக அதில் சேராது. ஆனால் விசாவுக்காகச் சென்னையில் மாணவர் பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் இழப்புக்கான செலவு அதில் பல நேரம் அடங்கும். கட்டண ரசீதுகள், போலீஸ் சான்று எல்லாம் அசலாக வேண்டும், தெரிவிக்கக் காலக் கெடுவும் இருக்கும்.

கொரட்டூர் வாசகன்

நண்பர்கள் எழுதாத ஒரு பகுதி மட்டும். அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் வீட்டுப் போன்கள்தான் இலக்கு.

போனில் "அப்பா", "அம்மா" என்ற பெயரில் எண்கள் இருந்திருக்கும். தொலைந்த போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பைத் தொட்டு இடத்தைப் பாருங்கள் என்று குறுஞ்செய்தி வரும். பார்ப்பதற்கு ஆப்பிள் பக்கம் போலவே இருக்கும். அதில் ஐடியும் பாஸ்வேர்டும் போட வைத்து ஆக்டிவேஷன் லாக்கை எடுக்கத்தான் அது. லாஸ்ட் மோடில் திரையில் காட்டத் தொடர்பு எண் கேட்கும். அதில் வீட்டு எண்ணைப் போடாமல் புதிய மெயில் ஒன்றைத் திறந்து கொடுப்பது நல்லது.

இன்னொன்று இன்னும் மோசம். "உங்கள் பையனின் பாஸ்போர்ட் ஒரு குற்றத்தில் சிக்கியிருக்கிறது, தூதரகத்திலிருந்து பேசுகிறோம், சிபிஐயிலிருந்து பேசுகிறோம், வீடியோவை அணைக்காதீர்கள்" என்று அழைப்பு வரலாம். தூதரகத்தின் எண்ணையே திரையில் காட்டவும் அவர்களால் முடியும். தூதரகம் போனில் பணம் கேட்காது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. இப்படி வந்தால் வைத்துவிட்டு, தூதரகத் தளத்தில் இருக்கும் எண்ணை நீங்களே தட்டிக் கூப்பிடுங்கள். தம்பியோடு வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அவன் குரலில் யாராவது பணம் கேட்டால் முதலில் அந்தச் சொல்லைக் கேளுங்கள். குரலை நகல் எடுப்பது இன்று எளிதாகிவிட்டது.

அவன் பெயரில் அங்கே யாரும் போன் இணைப்போ தவணைக் கடனோ எடுக்காமல் இருக்க, ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்திடம் போலீஸ் சான்றை அனுப்பி அடையாளத் திருட்டுக் குறிப்பு போடச் சொல்லலாம். புதிய பாஸ்போர்ட் வருவதற்குள் செய்யத்தக்க வேலை அது.

தூதரகத்தில் விண்ணப்பம் அசையவில்லை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற தளத்தில் புகார் பதியுங்கள். குடும்பத்தாரும் இங்கிருந்தே பதியலாம். 2015 முதல் இருக்கிறது, வழிபாட்டுக்குச் சம்பந்தமில்லை, உதவி என்று பொருள் தரும் இந்திச் சொல் அது. சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதலாம்.

தம்பியைப் பற்றி ஒன்று. திருட்டுக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், ரயிலில் ஏறவே தயங்குவதும், "நான் பையை மடியில் வைத்திருக்கலாமே" என்று அரித்துக்கொண்டே இருப்பதும் சகஜம். வீட்டிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் "ஏன்டா மேலே வச்சே" என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை அமைப்பில் இலவச மனநல ஆலோசனை இருக்கும், பல இடங்களில் ஆங்கிலத்திலும். அவசரக் கடன் நிதியும் அங்கே விசாரிக்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வைஸர் ரிங் என்ற அமைப்பின் 116 006 எண் தினமும் காலை 7 முதல் இரவு 10 வரை இலவசம். தேர்வு நெருங்குகிறது, லேப்டாப்போடு ப்ராஜெக்டும் போய்விட்டது என்றால், போலீஸ் சான்றை இணைத்துத் தேர்வு அலுவலகத்துக்குக் கெடு முடிவதற்குள் எழுதி நீட்டிப்புக் கேட்கட்டும். கெடு முடிந்த பிறகு எழுதினால் அதே சான்றுக்கு மதிப்புக் குறைவு.

நாளை ஷோரூமுக்குப் போகும்போது அப்பாவின் ஆதாரில் இருக்கும் கைரேகை வேலை செய்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து கருவி ஏற்காமல் திரும்பி வருவது வழக்கம். அப்படியானால் கண் கருவியோ முக அடையாளமோ இருக்கும் கிளை எது என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.